கென்னடி: ஒரு ஐரிஷ் குடும்பப் பெயர் பிள்ளைப் பெயரான விதம்

குழந்தைக்குப் பெயர் தேடித் தரும் இணையதளங்களில் 'கென்னடி' என்று தட்டினால், 'தலைக்கவசம் அணிந்த தலைவன்' என்றோ அதற்குப் பக்கத்தில் ஏதோ ஒன்றோ பொருள் போட்டிருப்பார்கள். ஐரிஷ் குடும்பப் பெயர்களை ஆராய்ந்தவர்களைக் கேட்டால், 'அவலட்சணமான தலை' என்பார்கள். பெற்றோர் எதை நம்ப விரும்புவார்கள் என்பது சொல்லாமலே புரியும். எது சரி என்ற கேள்விக்குப் பதில் உண்டு, அதைப் பார்த்துவிடலாம். ஆனால் அந்தப் பதில் கிடைத்த பிறகும் இந்தப் பெயரைப் பற்றிய முக்கியமான விஷயம் மிச்சம் இருக்கும். ஒரு குடும்பப் பெயரை எடுத்துக் குழந்தைக்கு முதல் பெயராக வைக்கிறவர்கள் அகராதியைப் பார்த்து வைப்பதில்லை, ஆளைப் பார்த்து வைக்கிறார்கள். அந்த ஆள் யார் என்பது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால் இந்தப் பெயரின் பொருளும் அதோடு சேர்ந்து மாறியிருக்கிறது என்பதுதான் என் எண்ணம்.

முதலில் மூலத்துக்குப் போவோம். பத்தாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் மேற்கே, ஷானன் ஆற்றங்கரையில், டால் காஷ் என்ற குலத்தை ஆண்ட மன்னர் ஒருவர் இருந்தார். பெயர் கென்னேடிக் மாக் லோர்கான். லோர்கானின் மகன் கென்னேடிக் என்று அர்த்தம். 951-இல் இறந்தார். அவர் பெயர் வரலாற்றில் நிலைத்ததற்குக் காரணம் அவருடைய மகன் பிரையன் போரு. 1002 முதல் அயர்லாந்து முழுவதற்கும் மாமன்னராக ஏற்கப்பட்டு, 1014-இல் புனித வெள்ளி அன்று குளொன்டார்ஃப் போரில் கொல்லப்பட்ட அதே பிரையன். பிரையனின் வழிவந்தவர்கள் ஓ பிரையன் ஆனார்கள். பிரையனுக்கு டோன்குவன் என்று ஓர் அண்ணன். அவர் தன் மகனுக்குத் தன் அப்பாவின் பெயரையே வைத்தார். அந்தப் பேரன் கென்னேடிக்கின் வழியில் வந்தவர்கள்தான் ஓ கின்னேட்யே. ஆங்கில நாக்கில் அது ஓ'கென்னடி, பிறகு வெறும் கென்னடி. ஆக, ஓ'பிரையன்களும் கென்னடிகளும் ஒரே வீட்டுப் பங்காளிகள்.

இங்கே கவனிக்க வேண்டியது, கென்னடி முதலில் ஓர் ஆளின் சொந்தப் பெயராகத்தான் இருந்தது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தது அந்த வீட்டில் சாதாரணமாக நடந்த காரியம். குடும்பப் பெயர் என்ற ஏற்பாடே அப்போதுதான் அயர்லாந்தில் முளைவிட்டுக்கொண்டிருந்தது. அதற்கு முன்பு ஒருவரை 'இன்னாரின் மகன்' என்று அப்பா பெயரைச் சொல்லி அடையாளம் காட்டுவார்கள். அடுத்த தலைமுறையில் அந்தப் பெயர் போய் வேறு பெயர் வந்துவிடும். மகனுக்கு 'மாக்', பேரனுக்கு அல்லது வழித்தோன்றலுக்கு 'ஓ'. இந்த 'ஓ' ஒரு குறிப்பிட்ட மூதாதையின் பெயரோடு ஒட்டி உறைந்து, தலைமுறை மாறினாலும் மாறாமல் நின்றபோது அது குடும்பப் பெயர் ஆனது. கால்வே பகுதியில் 916-இல் இறந்த ஒரு சிற்றரசரின் பெயரோடு வரும் ஓ கிளேரி என்பதுதான் அயர்லாந்தில் பதிவான மிகப் பழைய குடும்பப் பெயராகச் சொல்லப்படுகிறது. ஐரோப்பாவில் பரம்பரைக் குடும்பப் பெயர் இவ்வளவு சீக்கிரம் வேரூன்றிய நாடுகள் குறைவு.

இப்போது பொருள். ஐரிஷ் மொழியில் 'கென்' (இன்றைய வழக்கில் 'கியான்') என்றால் தலை. அதில் சண்டை இல்லை. மீதிப் பாதியில்தான் சண்டை. 'ஏடிக்' என்ற பழைய பெயரடைக்கு அவலட்சணமான, அருவருப்பான என்று பொருள். 'ஏடே' என்ற இன்னொரு சொல்லுக்கு உடை, கவசம் என்று பொருள். பின்னதைப் பிடித்துக்கொண்டால் 'கவசத் தலை' கிடைக்கும். ஆனால் பத்தாம் நூற்றாண்டு மன்னரின் பெயர் பழைய ஏடுகளில் எழுதப்பட்டிருக்கும் வடிவத்தைப் பார்த்தால், தலை என்ற சொல்லும் அந்தப் பெயரடையும் எழுத்து மாறாமல் சேர்ந்து நிற்கின்றன. இழுத்துப் பிடித்து விளக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே 'அவலட்சணமான தலை' அல்லது கொஞ்சம் மரியாதையாக 'கடுமுகத்தான்' என்பதுதான் வலுவான விளக்கம்.

கேலிக்காக இதைச் சொல்லவில்லை. உடல் குறையை, முரட்டுத் தோற்றத்தைப் பெயராக்குவது அந்த மொழிக் குடும்பத்தில் மதிப்புக் குறைவான காரியமாக இருக்கவில்லை. ஸ்காட்லாந்தின் பெரிய குலங்கள் இரண்டு இதற்குச் சாட்சி. கேமரன் என்றால் கோணல் மூக்கு, கேம்பெல் என்றால் கோணல் வாய். அந்தப் பெயர்களைத் தாங்கியவர்கள் படை நடத்தினார்கள், நிலம் ஆண்டார்கள், ஒருவரும் பெயரை மாற்றிக்கொள்ள நினைக்கவில்லை.

சரி, தலைக்கவச விளக்கம் எங்கிருந்து வலுப்பெற்றது? குலச் சின்னங்களிலிருந்து என்று சொல்லலாம். கென்னடிகள் பின்னாளில் குடியேறிய ஆர்மண்ட் நாட்டில் அவர்களின் கேடயத்தில் மூன்று தலைக்கவசங்கள் உண்டு. 1961 மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாள் அன்று, அயர்லாந்துத் தூதர் வெள்ளை மாளிகையில் ஜான் கென்னடியிடம் ஒரு புதிய குலச் சின்னத்தைக் கொடுத்தார். கறுப்புப் பின்னணியில் மூன்று பொன் தலைக்கவசங்கள். தலை என்ற பெயருக்குத் தலைக்கவசம் வரைவது சின்னம் வரைபவர்களுக்கு எப்போதும் பிடித்த உத்தி. ஆனால் சின்னம் பெயருக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது. அதை வைத்துப் பெயரை விளக்குவது தலைகீழ் வேலை.

கென்னடிகளின் முதல் இருப்பிடம் கிழக்குக் கிளேர் மாவட்டத்தின் கிளெனோம்ரா பள்ளத்தாக்கு. அங்கே கில்லோகென்னடி என்ற தேவாலயப் பங்கு இன்றும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஓ'பிரையன்களும் மக்னமாராக்களும் நெருக்கியதில் அவர்கள் ஷானனைக் கடந்து கிழக்கே வந்து, இன்றைய வட டிப்பரேரியில், நீனா நகரைச் சுற்றியுள்ள ஆர்மண்ட் நாட்டில் குடியேறினார்கள். பதினாறாம் நூற்றாண்டு வரை அங்கே அவர்கள் வைத்ததுதான் சட்டம். குலம் பெருகி மூன்று கிளையானது. பழுப்பு, வெளுப்பு, சிவப்பு என்று தலைவர்களின் தலைமுடி நிறத்தை வைத்து டோன், ஃபின், ரூவா.

அந்த நாளின் ஒரு பொருள் இன்றும் கண்ணால் பார்க்கக் கிடைக்கிறது. ஸ்டோ திருப்பலி நூல் என்று அழைக்கப்படும் ஒரு சிறிய லத்தீன் கைப்பிரதி. 800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுதப்பட்டது. அதைப் பாதுகாக்கச் செய்த உலோகப் பேழையின் ஒரு முகம் பதினோராம் நூற்றாண்டு வேலை. பிரையன் போருவின் மகன் டோனகாவுக்காக வேண்டிக்கொள்ளுமாறு அதில் பொறித்திருக்கிறார்கள். மறுமுகம் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து மாற்றி அமைக்கப்பட்டது. அதில் ஆர்மண்ட் மன்னர் ஃபிலிப் ஓ'கென்னடிக்காகவும் அவர் மனைவி ஆனியாவுக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொல்கிறது எழுத்து. இருவரும் 1381-இல் இறந்தவர்கள். உள்ளங்கையில் அடங்கும் நூல் ஒன்றின் பெட்டி அது. அண்ணன் வழியும் தம்பி வழியும் அதன் இரண்டு முகங்களிலும் பதிந்திருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் கென்னடிகளின் பழைய லக்கீன் கோட்டையிலிருந்துதான் இது மறுபடி வெளியே வந்தது. இப்போது டப்ளினில் இருக்கிறது.

ஸ்காட்லாந்திலும் கென்னடிகள் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். தென்மேற்கே கேரிக் பகுதியில் அவர்கள் பெரிய பிரபுக்கள். 1509 முதல் காசில்ஸ் கோமகன்கள். கடலோரத்தில் கல்லேன் கோட்டை அவர்களுடையதாக இருந்தது. 1945-இல் அதன் மேல்தளத்தை ஜெனரல் ஐசன்ஹோவருக்கு வாழ்நாள் முழுதும் பயன்படுத்தக் கொடுத்தார்கள். பின்னாளில் ஐசன்ஹோவருக்கு அடுத்து அமெரிக்க அதிபரானவர் ஒரு கென்னடி என்பது தற்செயல்தான்.

குடும்பப் பெயர் முதல் பெயராவதற்கு வருவோம். இந்தப் பழக்கம் அயர்லாந்தில் பிறந்தது இல்லை. இங்கிலாந்தின் நிலக்கிழார் குடும்பங்களில் பதினாறாம் நூற்றாண்டில் தொடங்கியது. அம்மா வழிக் குடும்பப் பெயர் அழிந்துபோகக் கூடாது என்பதற்காகவும், சொத்துள்ள தாய்மாமனையோ ஞானத் தந்தையையோ கௌரவிக்கவும் அவர்கள் பெயரைப் பிள்ளைக்கு முதல் பெயராக வைத்தார்கள். 1605-இல் வில்லியம் காம்டன் என்ற வரலாற்றாசிரியர், கிறிஸ்தவ உலகில் வேறெங்கும் இந்த வழக்கம் இல்லை என்று எழுதிவைத்தார். குடியேறிகளோடு அது அமெரிக்கா போனது, குறிப்பாகத் தெற்கு மாநிலங்களில் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

ஐரிஷ் கத்தோலிக்கர் வீடுகளில் வழக்கம் வேறு. முதல் மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர் என்று வரிசை இருந்தது. எல்லாமே பெரும்பாலும் புனிதர்களின் பெயர்கள். 1917-இல் தொகுக்கப்பட்ட திருச்சபைச் சட்டம் இதை விதியாகவே வைத்திருந்தது: ஞானஸ்நானத்தில் கிறிஸ்தவப் பெயர் கொடுக்கப்படுவதைப் பங்குக் குரு பார்த்துக்கொள்ள வேண்டும், பெற்றோர் பிடிவாதமாக வேறு பெயர் சொன்னால் அதோடு ஒரு புனிதரின் பெயரைச் சேர்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். 1983-இல் வந்த புதிய சட்டம், கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொண்டது. கெல்லி, ரைலி, குவின், கென்னடி என்று பிள்ளைகளைக் கூப்பிடுவது கடல் கடந்த ஐரிஷ் வம்சாவளியினரிடம் பெருகியதற்கும் தாய்நாட்டில் அது வெகுகாலம் அந்நியமாகத் தோன்றியதற்கும் இந்தப் பின்னணி ஒரு காரணம்.

இன்னொரு காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. ஐரிஷ் மொழியில் குடும்பப் பெயருக்கு ஆண், பெண் வேறுபாடு உண்டு. அப்பா ஓ கின்னேட்யே என்றால், மகள் நீ ஹின்னேட்யே. 'ஓ'வுக்குப் பதில் 'நீ' வருவதோடு பெயரின் முதல் எழுத்தும் இளகிவிடுகிறது. கல்யாணம் ஆகி வந்த மருமகளுக்கு வேறொரு முன்னொட்டு. ஆங்கில ஆட்சியின் கீழ் பதிவேடுகளில் இதெல்லாம் தட்டையாகி, அனைவரும் கென்னடி ஆனார்கள். 'ஓ'வும் 'மாக்'கும் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து பெருவாரியாக உதிர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரிஷ் பண்பாட்டு மறுமலர்ச்சி வந்தபோது பல குடும்பங்கள் 'ஓ'வை மீட்டுக்கொண்டன. கென்னடிகளில் பெரும்பாலோர் அதைச் செய்யவில்லை, மர்ஃபிகளும் கெல்லிகளும்கூடத்தான். முன்னொட்டு இல்லாமல் மொட்டையாக நின்ற இந்தப் பெயர்கள்தான் பிறகு முதல் பெயராக மாறின என்பதைக் கவனியுங்கள். ஓ'கானர் என்று குழந்தைக்குப் பெயர் வைப்பவர்களைக் காண்பது அரிது, கானர் என்று வைப்பவர்கள் ஏராளம். ஆண், பெண் அடையாளத்தையும் குல அடையாளத்தையும் இழந்ததால்தான் அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற பெயரானது. ஒரு மொழி நசுக்கப்பட்டதன் விளைவு இது என்பதை மறந்துவிட்டு, 'நவீனமான, இருபாலருக்கும் ஏற்ற பெயர்' என்று மட்டும் இதைக் கொண்டாடுவது எனக்கு உறுத்துகிறது.

கென்னடி என்ற பெயரை உலகப் பெயராக்கிய குடும்பம் டிப்பரேரிக்காரர்கள் இல்லை, வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தில் நியூ ராஸ் ஊருக்குப் பக்கத்தில் டங்கன்ஸ்டவுன் என்ற இடத்துக் குடியானவர்கள். உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டு, அதற்குக் குறையாமல் நாட்டை விட்டு வெளியேறிய அந்த ஆண்டுகளில், பேட்ரிக் கென்னடி கப்பலேறி பாஸ்டன் சேர்ந்தார். பீப்பாய் செய்யும் தொழில். 1858-இல், முப்பதுகளின் நடுவிலேயே இறந்துபோனார். அவருடைய விதவை பிரிட்ஜெட் சிறு கடை வைத்துப் பிள்ளைகளை ஆளாக்கினார். அந்த வீட்டின் கடைக்குட்டி பேட்ரிக் ஜோசப் மதுக்கடை நடத்தி அரசியலில் நுழைந்தார். அவருடைய பேரன் 1960-இல் 43 வயதில் அதிபர் தேர்தலில் வென்றார், முதல் கத்தோலிக்க அதிபராக.

அந்தப் பேரனின் முழுப் பெயரிலேயே நம் விஷயம் இருக்கிறது. ஜான் ஃபிட்ஸ்ஜெரால்ட் கென்னடி. ஃபிட்ஸ்ஜெரால்ட் என்பது அவருடைய அம்மா ரோஸின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். அம்மாவின் அப்பா ஜான் ஃபிட்ஸ்ஜெரால்ட் பாஸ்டன் மேயராக இருந்தவர். தாய்வழித் தாத்தாவின் பெயரை வைக்கும் ஐரிஷ் வழக்கமும், அம்மாவின் குடும்பப் பெயரைப் பிள்ளைக்குக் கொடுக்கும் ஆங்கில வழக்கமும் அந்த ஒரு பெயரில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

1963 ஜூன் கடைசியில் அவர் அயர்லாந்து போய், டங்கன்ஸ்டவுன் பண்ணை வீட்டு முற்றத்தில் உறவினர்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்தார். ஐந்து மாதத்தில், நவம்பர் 22 அன்று, டாலஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். அயர்லாந்தில் வீட்டுக்கு வீடு போப்பாண்டவர் படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் மாட்டப்பட்டது. 1968 ஜூனில் தம்பி ராபர்ட்டும் கொல்லப்பட்டார். அதன் பிறகு கென்னடி என்ற பெயர் எந்த மொழியில் ஒலித்தாலும் அதற்கு ஒரே பொருள்தான் இருந்தது: அகாலமாகப் பறிக்கப்பட்ட நம்பிக்கை. கடுமுகத்தானும் இல்லை, கவசத் தலையும் இல்லை.

கென்யாவில் இந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கக் கூடுதல் காரணம் இருந்தது. டாம் ம்போயா என்ற இளம் தலைவர் கிழக்கு ஆப்பிரிக்க மாணவர்களை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விமானத்தில் அனுப்பிக்கொண்டிருந்தார். 1960-இல் பணம் போதவில்லை. அப்போது செனட்டராக இருந்த கென்னடியை அவர் போய்ப் பார்த்தார். கென்னடி குடும்ப அறக்கட்டளை 1,00,000 டாலர் கொடுத்தது. கென்யாவில் கென்னடி இன்றும் ஆண்களுக்குச் சர்வசாதாரணமான முதல் பெயர். பிரேசிலிலும் அப்படித்தான், அங்கே முழுப் பெயரையே வைத்துவிடுகிறார்கள். 2023 நவம்பரில் மரக்கானா மைதானத்தில் போகா ஜூனியர்ஸுக்கு எதிரான கோபா லிபர்டடோரெஸ் கால்பந்து இறுதியாட்டத்தில், கூடுதல் நேரத்தில் ஃப்ளுமினென்ஸேவுக்கு வெற்றி கோலை அடித்தவர் பெயர் ஜான் கென்னடி. செல்சீ அணிக்கு ஆடிய இன்னொரு பிரேசில்காரரின் பெயர் ராபர்ட் கெனெடி, ஒரு 'ன்' குறைவாக.

அமெரிக்காவிலோ கதை திசை மாறியது. 1960-களில் அங்கே ஆண் குழந்தைகள் சிலருக்கு இந்தப் பெயர் வைத்தார்கள். பிறகு ஓய்ந்துவிட்டது. 1990-களின் நடுவில் திரும்பி வந்தபோது அது பெண் குழந்தைகளின் பெயராக வந்தது. கென்னடி என்ற ஒற்றைப் பெயரில் எம்டிவியில் 1992 முதல் 1997 வரை நிகழ்ச்சி நடத்திய இளம்பெண்ணுக்கு அதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ஆனால் அவர் ஒருவரால் மட்டும் நடந்தது என்று சொல்ல முடியாது. குடும்பப் பெயர்களைப் பெண்களுக்கு வைப்பது அந்தப் பத்தாண்டின் பொதுப் போக்கு. டிப்பரேரியின் பாலிபோரீன் ஊரில் வேர்கொண்ட ரேகன் என்ற இன்னொரு அதிபரின் பெயரும் அதே காலத்தில் பெண் பெயரானது. 2010-களில் கென்னடி அமெரிக்கப் பெண் குழந்தைகளின் முதல் நூறு பெயர்களுக்குள் இருந்தது. அந்தப் பெற்றோர்களில் பலருக்கு 1963 என்பது பாடப் புத்தகத்தில் படித்த ஆண்டு. அவர்கள் காதில் விழுந்தது ஒரு துக்கம் இல்லை. கம்பீரமும் கொஞ்சம் பணக்காரக் களையும் உள்ள ஓர் ஒலி. அதையும் ஒரு பொருள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டிலும் கென்னடிகள் உண்டு, எல்லோரும் ஆண்கள் என்றே சொல்லிவிடலாம். நடிகர் விக்ரம் 1966-இல் பிறந்தபோது வைத்த பெயர் கென்னடி ஜான் விக்டர். 'விக்ரம்' என்ற திரைப்பெயரில் உள்ள 'க்' கென்னடியிலிருந்து வந்தது என்பார்கள். தலைவர்களின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது நமக்குப் புதிதில்லை. 1953 மார்ச்சில் பிறந்த ஸ்டாலினில் தொடங்கி லெனின், நேரு, போஸ், காந்தி என்று நீளும் அந்த வரிசையில் பாதிக்கு மேல் குடும்பப் பெயர்களும் புனைபெயர்களும்தான். நமக்குப் பரம்பரைக் குடும்பப் பெயர் என்ற ஏற்பாடு பெரும்பாலும் இல்லாததால், 'இது குடும்பப் பெயராயிற்றே' என்ற தயக்கமே நமக்கு வரவில்லை. முன்னால் அப்பாவின் இனிஷியலைப் போட்டு, நேராகப் பெயராக ஏற்றுக்கொண்டோம்.

அந்த இனிஷியல் முறையும் 'லோர்கானின் மகன் கென்னேடிக்' என்று சொன்ன பத்தாம் நூற்றாண்டு ஐரிஷ் முறையும் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. ஒரு தலைமுறைக்கு ஒரு பெயர், அடுத்த தலைமுறையில் அது விடைபெறும். கென்னடியின் மகளுக்கு 'கெ.' என்ற எழுத்து வரும், பேத்திக்கு அதுவும் இருக்காது. ஆனால் வெளிநாடு போகிறவர்களிடம் இது நின்றுவிடுகிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் அப்பாவின் பெயரை எழுதுகிறோம். டொரண்டோவிலோ மெல்பர்னிலோ அந்தப் பெண் மிஸ் கென்னடி ஆகிறாள். அவள் பிள்ளைகளும் அதையே குடும்பப் பெயராகப் பதிந்துகொண்டால், கிளேர் மாவட்டத்தில் ஆயிரம் ஆண்டுக்கு முன் நடந்தது அங்கே மறுபடி நடந்திருக்கும்: ஓர் ஆளின் சொந்தப் பெயர், அவர் பேரப் பிள்ளைகளிடம் பரம்பரைப் பெயராக நிலைத்துவிடும். அந்தக் கென்னடிகளின் மூதாதை தூத்துக்குடிக்காரராகவோ திருச்சிக்காரராகவோ இருப்பார்.